புறப்பாட்டுக் கூடத்துச் சுவரில் என் படம் சொல்லும் பொய்

அனுப்புநர்:
தையற்கடை உரிமையாளர்
(மேற்படி படத்தில் இருக்கும் பாட்டி),
மருந்துக்கடைக்கு எதிர் மாடி,
பள்ளிக்கூடச் சாலை.

பெறுநர்:
பயணிகள் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
விமானப் போக்குவரத்துத் தலைமை அலுவலகம்.

பொருள்: கைக்குழந்தையை விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுபோவது பத்திரம் என்று என் படத்தைப் போட்டு விளம்பரம் செய்வதை நிறுத்தவும், குழந்தைக்கென்று கொண்டுவரும் பெல்ட் வைத்த சீட்டை மறுக்காமல் இருக்கவும் ஆணையிடக் கோருவது தொடர்பாக.

பார்வை: விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு எனக்கு அனுப்பிய பதில் கடிதம் (நகல் இணைத்துள்ளேன்).

மதிப்புக்குரிய ஐயா (அம்மாவாக இருந்தால், மதிப்புக்குரிய அம்மா),

1. வணக்கம். என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளை வளர்க்கத் தெரியாத வீட்டிலிருந்து வந்த மனு என்று ஓரமாக வைத்துவிடக் கூடாது அல்லவா. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் பேரப்பிள்ளைகள் அப்படி இல்லை. மூத்த பேத்தி, என் மகனின் பெண், பாலம் கட்டும் பொறியாளர். அவள் கணக்குப் போட்டுக் கொடுத்த பாலத்தின்மேல் இன்று சரக்கு லாரி போகிறது, வருகிறது. அவளுடைய தம்பி நீச்சலில் நாட்டிலேயே இரண்டாவதாக வந்தவன். முதலாவதாக வந்த பையன் இவனைவிட ஒரு தலை உயரம் என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன். மூத்த மகளின் பெண் சட்டம் படிக்கிறாள். கல்லூரிப் போட்டியில் அவளை எதிர்த்து வாதாடியவன் கழிவறையில் போய் அழுதான் என்று கேள்வி. அவளுடைய தம்பிக்குப் பல் மருத்துவத்தில் இடம் கிடைத்திருக்கிறது. என் கீழ்வரிசைப் பற்கள் அவனுக்காகத்தான் காத்திருக்கின்றன.

2. ஐந்தாவது, இளைய மகளின் பெண். பதினோரு மாதம். யாரைப் பார்த்தாலும் சிரிக்க மாட்டாள். விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பாள். அதனால் வீட்டில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். அவளும் ஒரு சாதனை செய்திருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். அந்தச் சாதனையில் எனக்குப் பங்கு எதுவும் கிடையாது. அதை உங்களுக்கு எழுத்தில் தெரிவிப்பதற்காகவே இந்த மனு.

3. எனக்குப் பங்கு உண்டு என்று விமான நிறுவனம் சொல்கிறது. விமான நிலையத்தில் புறப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில், ஒரு ஆள் உயரத்துக்கு, என் படம் இருக்கிறது. போனில் பார்க்கும் அவர்களுடைய பக்கத்திலும் அதே படம். ஜட்ஜம்மா என் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருக்கிறேன். கீழே கொட்டை எழுத்தில், "பாட்டியின் மடியைவிடப் பத்திரமான இருக்கை உண்டா?" என்று எழுதியிருக்கிறார்கள். கேள்வி கேட்டிருக்கிறார்கள், ஐயா. நான் பதில் சொல்கிறேன். உண்டு.

4. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். என் இளைய மருமகனுக்குக் கடல் தாண்டி வேலை. குழந்தையைக் காட்டிவிட்டு வரலாம் என்று மகளும் நானும் ஜட்ஜம்மாவும் போனோம். இரண்டு வயதுவரை குழந்தைக்குத் தனி சீட்டு தேவையில்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று டிக்கெட் போடும் இடத்தில் சொன்னார்கள். என் மகள் கேட்கவில்லை. குழந்தைக்குத் தனி டிக்கெட் எடுத்தாள். காரில் குழந்தையை உட்கார வைக்கும் சீட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தச் சீட்டை விமானத்திலும் வைக்கலாம் என்று அதன் முதுகிலேயே சிவப்பு எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் உண்டு. கையில் குழந்தை, தோளில் பை, முதுகில் அந்தச் சீட்டு என்று அவள் போவதைப் பார்த்து, வீட்டையே காலி பண்ணிக்கொண்டு போகிறாளா என்று நான்தான் கிண்டல் செய்தேன். போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. விமானப் பணிப்பெண் ஸ்டிக்கரைப் பார்த்தார், ஜன்னல் ஓரத்தில் மாட்டச் சொன்னார், இழுத்துப் பார்த்தார், போய்விட்டார். ஜட்ஜம்மா அதில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போனாள். இது இதே நிறுவனம், இதே சீட்டு என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

5. போன ஊரில் வெயில் அதிகம். சீட்டின் மேல்துணி ஏதோ வழவழப்பான துணி. குழந்தையின் முதுகு நனைந்துபோனது. தையற்காரி பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? நல்ல பருத்தித் துணி வாங்கி, இரட்டை நூலில், கையாலேயே ஒரு உறை தைத்து அதன்மேல் போட்டேன். விளிம்பு சுருங்காமல், மூலை தூக்காமல், கடையில் வாங்கியதுபோல் இருந்தது. முதுகுப் பக்கம் உருவி வராமல் இருக்கச் சுற்றிலும் மூடித் தைத்துவிட்டேன். ஸ்டிக்கர் உள்ளே போய்விட்டது. அது எனக்குத் தோன்றவில்லை. என் மகளுக்கும் தோன்றவில்லை. உறை நன்றாக இருக்கிறது என்றுதான் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

6. திரும்பி வரும் நாளில் விமானத்தின் வாசலில் நின்ற பணிப்பெண் ஸ்டிக்கர் எங்கே என்று கேட்டார். உறைக்குள் இருக்கிறது, பிரித்துக் காட்டுகிறேன் என்று என் மகள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். என் கத்தரியைச் சோதனைக் கூடத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊசிகூட இல்லை. பல்லால் கடித்துப் பிரித்தாள். நான் போட்ட தையல், ஐயா, பல்லுக்கு மசியாது. பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர், எல்லோரும் மடியில் வைத்துக்கொண்டுதானே வருகிறோம், இவர்கள் வீட்டுக் குழந்தை மட்டும் என்ன ராஜா வீட்டுக் குழந்தையா என்று காதில் விழும்படி சொன்னார். ஸ்டிக்கரின் ஒரு மூலை தெரிய ஆரம்பித்துவிட்டது. சிவப்பு எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் நாலு தையல் போனால் முழுவதும் தெரிந்திருக்கும். "டைம் ஆச்சு மேடம், சீட்டை லக்கேஜ்ல போட்டுடறோம், பாப்பாவ மடியில வெச்சுக்கங்க" என்று பணிப்பெண் சொன்னார். என் மகள் முடியாது என்றாள். நான் டிக்கெட் எடுத்திருக்கிறேன், என் குழந்தைக்கு இடம் இருக்கிறது, இன்னும் ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று சொன்னாள். அவள் குரல் ஏறிவிட்டது.

7. இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். நான் சொன்னதை மறைக்கப்போவதில்லை. ஏனென்றால் அந்த நிறுவனமும் மறைக்கவில்லை, கடிதத்தில் போட்டிருக்கிறது. "கொடுத்துத் தொலைடி. மூணு பிள்ளைய வளர்த்த மடி இது. இதைவிட என்ன சீட்டு?" என்று சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பணிப்பெண்ணும் சிரித்தார். என் மகள் சிரிக்கவில்லை. சீட்டு கீழே போய்விட்டது. குழந்தை என் மடிக்கு வந்தது. அவளுக்கென்று டிக்கெட் எடுத்த ஜன்னல் ஓர இருக்கை எனக்குப் பக்கத்தில் காலியாகவே வந்தது.

8. விமானம் கிளம்புவதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். என் கைப்பை மடியில் இருந்தது. அதை எடுத்து முன் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள். சின்னப் பைதானே, உள்ளே கண்ணாடியும் மாத்திரையும்தான் இருக்கிறது என்றேன். அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது, விமானம் குலுங்கினால் பறந்து போய் யார்மேலாவது விழும் என்றார்கள். வைத்துவிட்டேன். தேநீர் கொண்டுவரும் தள்ளுவண்டிக்குச் சக்கரத்தில் பூட்டு இருக்கிறது. தண்ணீர் ஜாடி வைத்த அலமாரிக்குக் கொக்கி இருக்கிறது. எனக்கு பெல்ட் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்த ஆளுக்கும் பெல்ட் இருந்தது. அந்த விமானத்தில் கட்டாமல், பூட்டாமல், கொக்கி போடாமல் இருந்த ஒரே பொருள் என் பேத்தி. அவளுக்கு ஒரு துண்டு பெல்ட்டைக்கூட யாரும் கொடுக்கவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன்.

9. பாதி வழியில், தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, விமானம் கீழே விழுந்தது. விழுந்து, மறுபடி நின்றது. இப்படித்தான் எனக்குச் சொல்லத் தெரிகிறது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. ஜட்ஜம்மா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் கைகள் அவளைச் சுற்றி இருந்தன. நான் அசந்திருக்கவில்லை, கண்ணை மூடியிருக்கவில்லை, பிடியைத் தளர்த்தவும் இல்லை. இதை எந்த நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் சொல்வேன். அடுத்த நொடி என் கையில் அவளுடைய துவாலை மட்டும் இருந்தது.

10. அவள் மேலே போய்ப் பெட்டி வைக்கும் அலமாரியில் அடித்து, இரண்டு வரிசை பின்னால் விழுந்தாள். அங்கே ஒரு தச்சர் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. பெல்ட் கட்டிக்கொண்டு, கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தவர். அவருடைய தொப்பையின்மேல் விழுந்தாள். அவர் விழித்துப் பார்த்தபோது அவருடைய வயிற்றின்மேல் ஒரு குழந்தை. அந்தத் தச்சரின் தொப்பை அங்கே இல்லாமல் போயிருந்தால், அல்லது அவர் மனைவி சொல்கிறபடி உடம்பைக் குறைத்திருந்தால் (பிறகு அவரே சொன்னார்), இந்த மனு வேறு மாதிரி இருந்திருக்கும். சுவரில் படம் போட்டே தீர வேண்டும் என்றால் அவருடைய தொப்பையைத்தான் போட்டிருக்க வேண்டும். என் மடியை அல்ல.

11. குழந்தைக்குத் தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டுவிட்டது. இடது கன்னம் முழுவதும் கருநீலமாகி, கண் மூடிக்கொண்டது. தலையைப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை என் மகள் என்னுடன் பேசவில்லை. சொன்ன பிறகும் சரியாகப் பேசினாள் என்று சொல்ல முடியாது. நான் மருத்துவரிடம், என் கைக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் விட்டுவிட்டேன், அவள் அம்மா பிடித்திருந்தால் விட்டிருக்க மாட்டாள் என்றேன். அதற்கு அந்த மருத்துவர், "உங்க கை இல்லம்மா, யார் கையா இருந்தாலும் பத்தாது. அந்த நேரத்துல குழந்தை உங்களவிட கனமாயிடும்" என்றார். பயில்வான் பிடித்தாலும் இதுதானா என்று கேட்டேன். இதுதான் என்றார். அதை இங்கே எழுதுவது என் கையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக இல்லை. அந்தச் சுவரில் எழுதியிருப்பது என் மடிக்கு மட்டுமல்ல, யார் மடிக்கும் பொருந்தாது என்பதற்காக.

12. பணிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய தலையும் மேலே இடித்தது. நெற்றியில் ரத்தம் வழிய, நடக்க முடியாமல், இருக்கைகளைப் பிடித்துப் பிடித்துத் தவழ்ந்து குழந்தையிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். நேரத்துக்குக் கிளம்பவில்லை என்றால் அவரைத்தான் கேட்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவரை வேலையிலிருந்து எடுத்தால், அதற்கும் தனியாக ஒரு மனு வரும் என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன். கேள்வி கேட்க வேண்டியது அவரை அவசரப்படுத்தியவர்களை.

13. இனி, படம். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருகிற அன்று அந்த நிறுவனத்திலிருந்து மூன்று பேர் பூங்கொத்தும் பொம்மையும் கொண்டுவந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். குழந்தை பிழைத்தது எல்லோருக்கும் சந்தோஷம், ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். என் மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். படம் எடுத்தவர் பேரன் வயதுப் பிள்ளை. குழந்தையின் முகத்தைப் பார்த்தார், காமிராவைப் பார்த்தார், "பாட்டி, பாப்பாவ கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கங்க" என்றார். வெளிச்சத்துக்காகச் சொல்கிறார் என்று திருப்பினேன். தோளில் கட்டு தெரியாமல் ஒரு சால்வையையும் போர்த்திவிட்டார். நல்ல கன்னம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. கருநீலக் கன்னம் என் நெஞ்சோடு போய்விட்டது. படத்தைப் பார்த்தால், ஒரு கீறல்கூடப் படாமல் பாட்டி காப்பாற்றிய குழந்தைபோல்தான் இருக்கும்.

14. படத்தை எடுக்கச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். வந்த பதிலை இணைத்துள்ளேன். "தாங்கள் தாமாகவே முன்வந்து குழந்தையைத் தங்கள் மடியில் வைத்துக்கொள்வதாகத் தெரிவித்தமையாலும், தங்கள் மடியே சிறந்த இருக்கை என்று தாங்களே குறிப்பிட்டமையாலும்" நிறுவனத்தின்மேல் தவறு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். சொன்னேன். வாயால்தான் சொன்னேன். நான் என்ன சொன்னாலும் அதன்படி விமானம் ஓட்டுவார்களா? நான்தான் ஓட்டுவேன் என்று சொல்லியிருந்தால் முன்னால் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்திருப்பார்களா? கைப்பையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றும்தான் தாமாக முன்வந்து சொன்னேன். அதை மட்டும் ஏன் கேட்கவில்லை? பெருமைக்காக ஒரு கிழவி ஏதாவது சொல்லத்தான் செய்வாள். அப்போது, அம்மா, உங்கள் பெருமை இருக்கட்டும், சட்டம் இப்படி என்று சொல்வதற்குத்தானே சீருடை போட்டுக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள். கடிதத்தோடு இலவசப் பயணச் சீட்டு ஒன்றும் வைத்திருந்தார்கள். அதையும் இந்த மனுவோடு இணைத்து அனுப்புகிறேன். உங்கள் அலுவலகத்தில் யாராவது உபயோகப்படுத்திக்கொள்ளலாம். குழந்தை இல்லாதவர்களாகப் பார்த்துக் கொடுக்கவும்.

15. அந்தக் கடிதத்தோடு விட்டிருப்பேன். சுவரில் தொங்கினால் தொங்கட்டும் என்றுதான் இருந்தேன். போன வாரம் எதிர் மருந்துக்கடைக்காரரின் மருமகள் பிளவுஸ் அளவு கொடுக்கக் கடைக்கு வந்தாள். ஏழு மாதப் பையன் இடுப்பில். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கணவனிடம் போகிறாள், அதே விமானத்தில். அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது, "பாட்டிம்மா, உங்க படத்தப் பார்த்துதான் எனக்குத் தைரியமே வந்துச்சு. இவனுக்கு எடுத்த சீட்ட வேணாம்னு கேன்சல் பண்ணிட்டேன்" என்று சொன்னாள்.

16. அளவு நாடாவைக் கீழே போட்டேன். உட்கார வைத்து, இதுவரை உங்களுக்கு எழுதிய எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். உறையைச் சொன்னேன், துவாலையைச் சொன்னேன், தச்சரைச் சொன்னேன். நான் பிடிக்கவில்லை, என்னால் பிடிக்க முடியவில்லை, உன்னாலும் முடியாது என்று சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "பெரியவங்க நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. எவ்வளவு தன்னடக்கம் பாட்டிம்மா. அப்படி அடிபட்டிருந்தா பாப்பா மூஞ்சில ஒண்ணுமே காணோமே, படத்துல அவ்வளவு பளிச்சுன்னு இருக்காளே" என்றாள். ஜட்ஜம்மாவையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். கன்னம் ஆறிவிட்டது. தோளில் எலும்பு கூடிய இடத்தில் சின்னப் புடைப்புதான் இருக்கிறது. குழந்தைகளுக்கு விழுந்து எழுந்தால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டாள். ஜட்ஜம்மா அவளை முறைத்துப் பார்த்தாள். அந்தத் தீர்ப்பும் எடுபடவில்லை.

17. என்னைத் தன்னடக்கம் உள்ளவள் என்று இதுவரை யாரும் சொன்னது கிடையாது, ஐயா. முதல் பத்தியைப் படித்தால் உங்களுக்கே தெரியும். நான் கடைவீதியில் போனால் இப்போது ஆட்கள் நிறுத்திப் பேசுகிறார்கள். குழந்தையைக் கையில் கொடுத்து ஆசி வாங்குகிறார்கள். இல்லை, நான் விட்டுவிட்டேன் என்று சொல்லச் சொல்ல என் புகழ் கூடிக்கொண்டே போகிறது. அந்த மருமகளின் மாமனாரிடமும் பேசிப் பார்த்தேன். மருந்துக்கடைக்காரர், நாலு எழுத்து படித்தவர். இவ்வளவு பெரிய கம்பெனி சுவரில் போட்டிருக்கிறான், பொய்யா போடுவான் என்று கேட்டார். நான் நேரில் நின்று சொல்வதைவிடச் சுவரில் இருக்கும் நான் சொல்வதைத்தான் நம்புகிறார்கள்.

18. ஆகவே சுவருக்கே போனேன். இதை நீங்கள் வேறு யார் மூலமாகவாவது கேள்விப்படுவதற்கு முன் நானே தெரிவித்துவிடுகிறேன். போன வியாழக்கிழமை பஸ் பிடித்து விமான நிலையத்துக்குப் போய், பார்வையாளர் அனுமதி வாங்கி உள்ளே நுழைந்து, துணி வெட்ட அளவு வரையும் காக்கித் தாளில் மார்க்கர் பேனாவால் எழுதி, அந்தப் படத்தின்மேல் ஒட்டினேன். எழுதியது இவ்வளவுதான்: "இந்தப் பாட்டி குழந்தையைப் பிடிக்கவில்லை. இப்படிக்கு, இந்தப் பாட்டி." எட்டாத உயரத்துக்கு ஒரு பயணியின் பெட்டித் தள்ளுவண்டியில் ஏறி நின்றேன். அவர் பிடித்துக்கொண்டார். காவலாளி ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், "படத்துல நல்லாத்தானே இருக்கீங்க பாட்டி, ஏன் மறைக்கறீங்க?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதாம். தாளை எடுக்காமல் இருந்தால் தன் வேலை போய்விடும் என்று சொல்லி, வருத்தத்தோடு உரித்து எடுத்து, மடித்து என் கையிலேயே கொடுத்தார். இதற்காக என்மேல் நடவடிக்கை எடுப்பதானால் எடுக்கலாம். நான் கடையில்தான் இருப்பேன். காவலாளியின்மேலும் தள்ளுவண்டிக்காரர்மேலும் எடுக்கக் கூடாது.

19. ஆகையால் தங்களைக் கேட்டுக்கொள்வது. கேட்டுக்கொள்வது என்று எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இது கெஞ்சல் இல்லை. குழந்தைக்கு டிக்கெட் எடுத்து, விமானத்துக்கு ஏற்ற சீட்டையும் கொண்டுவருகிற தாயை வாசலில் நிறுத்தி அதைப் பிடுங்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை என்று ஆணையிட வேண்டும். ஸ்டிக்கர் தெரியவில்லை என்றால் ஒரு தையல் பிரிக்கிற நேரம் காத்திருக்க வேண்டும். டிக்கெட் போடும் இடத்தில், மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தாமல், விமானம் குலுங்கினால் கை தாங்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் மடியில்தான் என்று ஒரு தாய் முடிவு செய்தால், அதற்குள் நான் தலையிட மாட்டேன். எல்லோராலும் தனி சீட்டு எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்து முடிவு செய்யட்டும். என் படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

20. சட்டம் படிக்கும் பேத்தி, படத்தை அகற்றக் கோருகிறேன் என்று எழுதினால் போதும், அதோடு மனுவை முடித்துவிடு என்றாள். போதாது. அகற்றினால் சுவர் காலியாகும். பார்த்தவர்கள் மனதில் பழைய படம் அப்படியே இருக்கும். நான் வாயால் சொன்னால் தன்னடக்கம் என்கிறார்கள். எழுதி ஒட்டினால் உரித்துக் கொடுக்கிறார்கள். இந்த ஊரில் படத்துக்குத்தான் மதிப்பு என்றால், படத்தாலேயே பேசுகிறேன். புதுப் படம் ஒன்று எடுத்து அதே சுவரில், அதே உயரத்தில், அதே அளவில் மாட்ட வேண்டும். போனில் பார்க்கும் அவர்களுடைய பக்கத்திலும் பழையதை எடுத்துவிட்டு இதைப் போட வேண்டும். மருந்துக்கடை மருமகள் இருபத்தெட்டாம் தேதி காலையில் அந்தச் சுவரைத் தாண்டித்தான் உள்ளே போயாக வேண்டும். கேன்சல் செய்த சீட்டைத் திரும்ப எடுக்க அவளுக்கு அவகாசம் இருக்கும்படி அதற்கு முன்பே மாட்ட வேண்டும். படம் எடுக்க நாங்கள் எந்த நாளும் தயார். என் மகளும் சம்மதித்துவிட்டாள். இந்த மனுவைப் படித்துவிட்டு நேற்றுத்தான் என்னுடன் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

21. படம் இப்படி இருக்க வேண்டும். ஜன்னல் ஓரத்தில் ஜட்ஜம்மா தன் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். தோளில் இரண்டு பக்கமும் பெல்ட். புடைப்பு இருக்கிற தோள் காமிராவுக்குத் தெரிய வேண்டும். சால்வை கூடாது, யாரும் யாரையும் திருப்பி வைக்கச் சொல்லக் கூடாது. அவளைச் சிரிக்க வைக்க முயற்சி செய்ய வேண்டாம், நேரம் வீண். பக்கத்து சீட்டில் என் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நான் இருப்பேன். கீழே எதுவும் எழுத வேண்டாம். என் இரண்டு கைகளும் மடியின்மேல், விரித்து, காலியாக, பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்படி இருந்தால் போதும்.

இணைப்பு: நிறுவனத்தின் பதில் நகல், மருத்துவரின் சான்று, இலவசப் பயணச் சீட்டு, காவலாளி உரித்துக் கொடுத்த காக்கித் தாள்.

இடம்: தையற்கடை, பள்ளிக்கூடச் சாலை
நாள்: இம்மாதம் ஒன்பதாம் தேதி

பதிலுக்காகக் கடையைத் திறந்து வைத்திருக்கும்,

(கையொப்பம்)
ஐந்து பேரப்பிள்ளைகளின் பாட்டி